மஞ்சள் கடுதாசி

"தள்ளி உட்காருடா. என் சட்டை மேல படாதே."

பெரியவர் தம் நாற்காலியை மகனிடமிருந்து ஒரு முழம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். கடன்காரன். பெற்ற பிள்ளையை அந்தச் சொல்லால் நினைக்கும்போது வேப்பெண்ணெயை விழுங்கியது போலிருந்தது.

வேலை போன பிறகும் கிரெடிட் கார்டைத் தேய்த்துத் தேய்த்து, ஒரு கார்டை அடைக்க இன்னொரு கார்டு, அதை அடைக்க செல்போன் ஆப்பில் கடன் என்று கழுத்துவரை முங்கியிருந்தான். போன வாரம் வசூல்காரன் ஒருவன் அவருக்கே போன் போட்டு, "யோவ் பெருசு, உம் புள்ள எங்க?" என்றான். அரசாங்க உத்தியோகத்தில் ஒரு சொல் கேளாமல் ஓய்வு பெற்ற மனிதர். அன்று சோறு இறங்கவில்லை.

அதைவிடக் குமட்டியது மகன் கண்டுபிடித்து வந்த வழி. வக்கீலைப் பார்த்தானாம், கோர்ட்டில் திவால் மனு போடப் போகிறானாம். மஞ்சள் கடுதாசி! இந்தக் குடும்பத்தில் பட்டினி கிடந்தவன் உண்டு, கடுதாசி கொடுத்தவன் கிடையாது.

நல்லவேளை, மகளைக் கட்டிய மாப்பிள்ளை இருந்தார். "கோர்ட்டு கச்சேரியெல்லாம் எதுக்கு மாமா? பேங்க்கோட பேசி, நூறுக்கு நாப்பதுன்னு முடிச்சுத் தர்ற ஆபீஸ் இருக்கு. காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சிரும்" என்று இங்கே கூட்டி வந்தவரும் அவர்தான். மாப்பிள்ளையைக் குறுக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

காபித் தட்டுடன் ஓர் அம்மாள் வந்தாள். "சார், உங்களுது சர்க்கரை போடாதது" என்று முதல் கோப்பையை மாப்பிள்ளையிடம் நீட்டினாள். மாப்பிள்ளைக்கு முதலில் கொடுக்கத் தெரிகிறதே, மரியாதை தெரிந்த இடம்தான் என்று பெரியவர் மெச்சிக்கொண்டார்.

மேஜைக்கு எதிரே இருந்த மேனேஜர் சிரித்தார். "கவலைய எங்ககிட்ட விட்டுடுங்க. இனிமே பேங்க்குக்குத் தவணை கட்டாதீங்க, எங்ககிட்ட கட்டுங்க. இன்னைக்கு முன்பணம் மட்டும் போதும்."

"பேங்க் ஒத்துக்கலைன்னா?" என்றான் மகன்.

"பெரும்பாலும் ஒத்துக்குவாங்க."

"அதுக்குள்ள எம்மேல கேஸ் போட்டா?"

"பேசிக்கலாம் தம்பி."

"முன்பணம் திரும்பி வருமா?"

மேனேஜர் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக்கி வைத்தார்.

மகன் அப்பாவிடம் திரும்பினான். "அப்பா, வக்கீல் ஒளிக்காமச் சொன்னாரு. மனு போட்டா பல வருஷத்துக்கு எவனும் கடன் தரமாட்டான், பேரு கெடும். ஆனா வசூல்காரன் வாசல்ல வந்து நிக்கமாட்டான். உங்க பணத்தையும் தொட வேணாம். முன்பணம் கேக்கற எடத்துல மட்டும் காலே வெக்காதீங்கன்னாரு."

"பேரு கெடும்னு உன் வாயாலயே சொல்றியே, வெக்கமா இல்ல?"

மாப்பிள்ளை மெல்லிய குரலில் குறுக்கிட்டார். "உங்களுக்கென்ன மச்சான், கடுதாசி குடுத்துட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு எம் பொண்ணுக்கு வரன் பாக்கறப்ப, 'தாய்மாமன் திவாலானவன்'னு நாலு பேரு சொல்லுவான். மாமா நிமிர்ந்து நடந்த மனுஷன். அவர் தலைய குனிய வெச்சிடாதீங்க."

பெரியவர் மாப்பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டார். எனக்குப் பிள்ளையாய்ப் பிறந்திருக்க வேண்டியவர்!

"அத்தான், இந்த ஆபீஸப் பத்தி நல்லா விசாரிச்சீங்களா?" என்று மகன் கேட்டதுதான் தாமதம், பெரியவர் அறைந்ததில் மேஜை அதிர்ந்தது.

"யாரைப் பார்த்து என்னடா கேக்கற? மன்னிப்புக் கேளு அவர்கிட்ட!"

கேட்டான். கையெழுத்தும் போட்டான். ஓய்வு பெற்றபோது வந்ததில் மிச்சமிருந்த பணத்தையெல்லாம் பெரியவர் பையிலிருந்து எடுத்து வைத்தார். மேனேஜரின் எண்ணும் எந்திரம் படபடவென்று அதைத் தின்று தீர்த்தது.

மாப்பிள்ளை காரை எடுத்துவரக் கீழே போனார். லிஃப்டுக்காகக் காத்து நிற்கையில் பெரியவர் மகன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அவர் கால் தூசி பெறுவியாடா நீ?"

மகன் லிஃப்ட் பொத்தானை இன்னொரு தரம் அழுத்தினான்.

பின்னாலிருந்து செருப்புச் சத்தம். புதிதாய் வேலைக்குச் சேர்ந்த காசாளர் பெண், கையில் தடித்த கவருடன் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஐயா, உங்களைக் கூட்டிக்கிட்டு வந்தாரே எங்க ஏஜெண்ட், கீழ போயிட்டாரா? முன்பணத்துல அவரோட பாதிய வாங்காமயே போறாரு!"