மாப்பிள்ளை கேட்ட கணக்கு

சூளகிரிக்குப் பெண் பார்க்க வந்த ஊத்தங்கரை வாத்தியார் திம்மராயன், “எட்டாவது படிச்ச பொண்ணாச்சே, ஒரு கணக்குக் கேக்கட்டுமா?” என்றான்.

சரியென்று தலையாட்டிய சென்னம்மாளுக்கு அக்காள் நினைவு வந்தது. அவளையும் பொய் சொல்லித்தான் கட்டிக்கொண்டு போனார்கள். அவள் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள், பாவம். இவராவது உண்மை பேசுகிறவரா?

“அப்பன் வயசு மகனைப்போல அஞ்சு மடங்கு. பதினெட்டு வருஷம் போனா ரெண்டே மடங்கு. இப்ப யாருக்கு எத்தனை வயசு?”

“வாத்தியார் புத்தி எங்க போகும்!” என்று தரகர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். திம்மராயன் மட்டும் சிரிக்கவில்லை.

மகன் வயதை எக்ஸ் என்று வைத்து, சென்னம்மாள் மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்தாள். “மகனுக்கு ஆறு, அப்பனுக்கு முப்பது.”

“சரிதான்” என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவளுக்குத் திக்கென்றது. “உங்களுக்கு என்ன வயசுங்க?”

“முப்பது.”

தரகர் பதறி எழுந்தார். மாப்பிள்ளைக்கு இது முதல் கல்யாணம் என்று சத்தியம் செய்தவர் அவர்தான்.

“பையன் பேரென்ன?” என்றாள் மெதுவாக.

“நஞ்சுண்டன். தாயில்லாப் பிள்ளை. சொல்லவே கூடாதுன்னு என் வாயைக் கட்டிட்டாங்க.”

“அவனையும் கையோட கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமே” என்றாள் சென்னம்மாள்.