ஆண் சிலந்தி

“இந்தத் தடவையாவது ஆண் வந்திருக்கா சார்?”

தையல்காரம்மா சின்னக் கண்ணாடிக் குப்பியை மேசைமேல் வைத்தாள். அருங்காட்சியகத்தின் மாடியில், ஸ்பிரிட் நெடி அடிக்கும் அந்த ஆராய்ச்சியாளர் அறைக்கு அவளைத் தவிர யாரும் ஏறி வருவதில்லை. காவலாளிகூட, “பூச்சி சார் மேலதான் இருக்காரு, போங்க” என்று கீழேயே நின்றுகொள்வான்.

“பாத்துடலாம். உக்காருங்கம்மா. சாப்ட்டீங்களா?”

குப்பிக்குள் கடுகளவுக் குள்ளச் சிலந்தி. அவள் வீட்டுப் பின்புறம் மட்கிய இலைக்கடியில் கிடைப்பது. உலகத்தில் நாலு பேருக்குக்கூடத் தெரியாத வகை. இதுவரை அகப்பட்டதெல்லாம் பெண்தான்.

“இதோட சொந்தக்காரச் சிலந்திங்கள்ல ஆணுக்குத் தலையில ஒரு மேடு இருக்கும்மா. இதுக்கும் இருக்கணும். ஒண்ணே ஒண்ணு கிடைச்சா ஆராய்ச்சி முடிஞ்சுது” என்று அவர் சொன்னதிலிருந்து வாரம் தவறாமல் வருகிறாள்.

முடிந்துவிட்டால்? அதுதான் அவள் பயம். மகள் கடல் தாண்டிப் போன பிறகு, வீட்டில் சத்தம் என்றால் தையல் இயந்திரத்தின் கடகடப்புதான். சாப்பிட்டாயா என்று கேட்க இங்கேதான் ஒரு ஆள் இருந்தது.

அதனால் ஒரு திருட்டுத்தனம் செய்துவந்தாள். ஊசியில் நூல் கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு சிலந்தியையும் பார்ப்பாள். தலையில் மேடு இருந்தால் இலைக்குள்ளேயே விட்டுவிடுவாள். இல்லாததுதான் குப்பிக்குள் போகும்.

போன வாரம் அவர், “நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள கிடைக்குமான்னே தெரியலைம்மா” என்றார். அது அவளுக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. பாவம், ஆயுசையே இதில் தொலைத்த மனுஷன். இன்று, மேடு பளிச்சென்று தெரிந்த ஒன்றையே கொண்டுவந்திருந்தாள். இனி இந்தப் படியேற அவளுக்கு வேலையில்லை.

அவர் நுண்ணோக்கியில் குனிந்தார். வழக்கமாகச் சட்டென்று நிமிர்ந்து உதட்டைப் பிதுக்குபவர், இன்று நிமிரவே இல்லை. திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்ன சார், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?”

அவர் விளக்கை அணைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் குப்பியை மூடினார்.

“இதுவும் பெண்தாம்மா” என்றார். “அடுத்த வாரமும் வருவீங்கல்ல?”