அரை எல்ஃபுக்கு ஒரு நாற்காலி

“எங்கம்மா சாகும்போது எங்கப்பாவுக்கு ஒரு முடிகூட நரைக்கல. கடைசி வரைக்கும் எங்களைத் தன் வீட்டு வாசப்படி ஏற விடல அவரு,” என்றாள் புதிதாக வந்தவள்.

யாரும் உச்சுக் கொட்டவில்லை. “காது எப்படி?” என்று கேட்டார் தையல்காரர்.

“பாதிக் கூர்ண்ணே. முடியைப் போட்டு மறைச்சுக்கலாம்.”

லிஃப்ட் மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தான். “அரை எல்ஃப். நினைச்சேன்.”

பல்செட் செய்யும் கடையின் பின்னறை அது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிளாஸ்டர் அச்சுகளை ஓரம் ஒதுக்கிவிட்டு, அதே மேசையில் பகடை உருட்டிக் கதையாட்டம் ஆடுவார்கள். ‘பல்லு’ என்று அவர்கள் கூப்பிடும் கடைக்காரர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். புதியவள் சொன்னதும் மனுஷிக்கும் எல்ஃபுக்கும் பிறந்த தன் வேஷத்தின் கதைதான். எதிரிப் படைக்கு, விற்காமல் போன கடைவாய்ப் பற்கள்.

தையல்காரர் கோடரி வீரன். மருந்துக்கடைக்காரி மந்திரவாதி. மெக்கானிக் ஆறு வருடமாக எல்ஃப் என்னும் காட்டுத் தேவ இனத்தின் இளவரசன்: கூரிய காது, எழுநூறு வருஷ ஆயுள், கலப்பில்லாத வம்சம். வாரம் முழுக்க, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் வசவு வாங்குகிறவனை ‘இளவரசே’ என்று கூப்பிட இந்தப் பூமியில் இருந்த ஒரே இடம் அந்த மேசைதான். அதில் கண்ட கழுதையும் வந்து உட்காருவதை அவனால் சகிக்க முடியவில்லை.

“ஆட்டம் முடிஞ்சதும் ஒரு விஷயம் முடிவாகணும்,” என்று பல்லு காலையில் போனில் சொல்லியிருந்தார். என்ன விஷயம் என்று அவன் கேட்கவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பெண் ஒருத்தி ஆட வருகிறாள் என்றால், அவளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைத் தவிர வேறென்ன இருக்கப் போகிறது?

“அரை எல்ஃப் யார் எடுப்பாங்க தெரியுமாம்மா?” என்றான் அவளிடம். “இருட்டுல பார்வை இனாம், பேச்சு சாமர்த்தியம் இனாம். காட்டுக்குள்ள போனா ‘நான் உங்க ரத்தம்’னு பல்லைக் காட்டும். ஊருக்குள்ள வந்தா காதை மூடிக்கும். ஒரு பக்கமா நிக்கத் துப்பில்லாத இனம்.”

“இருக்கலாம்ங்க. ரெண்டு பக்கமும் வெளியில நிக்க வெச்சா, எல்லார் முகத்தையும் பார்த்துப் பழகிடும்.”

“வசனம் வேற.”

ஆட்டம் தொடங்கியது. எல்ஃப் காட்டின் வாசலில் காவலர்கள் மறித்து, இவள் யார் என்று கேட்டார்கள். “என் மூட்டை தூக்கி,” என்றான் இளவரசன்.

பல்லு அவளைப் பார்த்தார். “தூக்கிக்கிறேன்,” என்றாள்.

குகைக்குள் அவளையே முன்னால் நடக்கவிட்டான். “பொறி கிறி இருந்தாலும் பாதி ஆள்தானே நஷ்டம்.” சிரித்தது அவன் மட்டும்தான்.

கடைவாய்ப் பற்கள் நாலாபக்கமும் சூழ்ந்தன. தையல்காரர் பகடையை எடுத்தபோது, “அண்ணே, உங்களுக்கு விஷம் இன்னும் இறங்கல. விழுற எண்ணுல ரெண்டு கழிச்சுக்கணும்,” என்றாள் அவள் மெதுவாக. மந்திரவாதியின் விளக்கு அணையப் போவதையும், செத்துவிட்டதாக எல்லோரும் மறந்துபோன ஓர் எதிரி மூலையில் இன்னும் மூச்சு விடுவதையும் அவள்தான் சொன்னாள்.

“இது என்ன உன் பஸ்ஸா, யார் ஏறுனா யார் இறங்குனான்னு பார்க்க? உன் மூட்டையை மட்டும் பாரு,” என்றான் மெக்கானிக்.

சொன்ன கையோடு தனியாகப் பாய்ந்தான். பகடையில் ஒன்று விழுந்தது, இருப்பதிலேயே மோசமான எண். இளவரசன் நெஞ்சில் அம்போடு தரையில் கிடந்தான். இன்னொரு சுற்று தாங்காது. ஆறு வருடம் அங்கேயே முடிந்துவிடும்.

யாரிடமும் உதவி கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

“என்கிட்ட மருந்து ஒரு வாய்தான் இருக்கு,” என்றாள் புதியவள். “அவருக்கே ஊத்துறேன்.”

இளவரசன் பிழைத்து எழுந்தான். “பல்லு, இதையும் கதையில சேர்த்துக்கோ. இளவரசர் வாயைக் கொப்புளிச்சுத் துப்பினார்.”

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஆட்டம் அதோடு முடிந்தது.

“சரி, அந்த விஷயத்துக்கு வருவோம்,” என்றார் பல்லு.

“நானே சொல்லிடுறேன்.” மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். “பஸ்காரம்மா நல்லவங்கதான், இல்லேன்னு சொல்லல. ஆனா இந்த மேசைக்குன்னு ஒரு தரம் இருக்கு. அவங்க வேண்டாம்.”

பல்லு எழுந்து தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துவிட்டார். புதியவள் மேசையைச் சுற்றிவந்து அதில் உட்கார்ந்தாள். பகடைகளையும் கதையின் வரைபடத்தையும் அவர் அவள் பக்கம் தள்ளினார்.

“எனக்கு இனிமே ஞாயித்துக்கிழமையும் கடை. கதையை இவங்கதான் நடத்தப் போறாங்க,” என்றார். “ஒரு நாள் உங்ககூட உக்காந்து ஆடிப் பார்த்துட்டு, யார் யாரை வெச்சுக்கிறதுன்னு சொல்றேன்னாங்க. மத்த ரெண்டு பேரும் என்ன விஷயம்னு கேட்டாங்க, சொன்னேன். நீ கேக்கல.”

சாய்ந்திருந்த மெக்கானிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்த மேசை போனால் மிச்சம் இருப்பது லிஃப்ட் குழி மட்டும்தான்.

“நான் வரலாம்ல?” என்றான். அந்தக் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

அவள் எல்லார் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு, கடைசியாக அவனைப் பார்த்தாள்.

“வாங்க. அரை எல்ஃபா வாங்க.”