ஆண்டு மலரில் இன்னும் ஒரு குறை

"மழைக் கவிதையில எல்லாப் பத்தியிலும் மழை பெய்யுதே, ஒரு இடத்துலயாவது விட வேண்டாமா? திரும்ப எழுதிட்டு வா" என்றார் வாத்தியார்.

எடிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு தாளை வாங்கிக்கொண்டான். பள்ளியின் ஆண்டு மலருக்கு அவன்தான் மாணவர் பொறுப்பாளன். பதவி கிடைத்த நாளிலிருந்து அம்மாகூட "எடிட்டர், சாப்பிட வா" என்றுதான் கூப்பிடுகிறாள். மலர்தான் வந்தபாடில்லை.

மலருக்குப் பொறுப்பான மொழி வாத்தியாருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் அரைப்புள்ளி. எதையும் முடிக்க விடமாட்டார். ஓரத்தில் இடம் போதவில்லை என்பார். இடம் விட்டு எழுதிக்கொண்டு போனால், போர்க்காலத்தில் தாளை இப்படி வீணடிக்கலாமா என்பார். பேருந்து ஓட்டுநரிடம் பேட்டி எடுத்து வந்தபோது, பேசும்போது அவர் சிரித்தாரா இல்லையா என்று எழுதவில்லையே என்று மறுபடி அனுப்பினார். இரண்டாம் முறை போனபோது ஓட்டுநர் சிரிக்கவே இல்லை.

"சார், இது போன மாசம் நீங்க வெட்டச் சொன்ன வரிதான்" என்று ஒரு நாள் எடிட்டர் துணிந்து சொல்லிப் பார்த்தான்.

"அப்ப வேண்டாம்னு தோணுச்சு. இப்ப வேணும்னு தோணுது" என்றார் அரைப்புள்ளி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

அச்சகக்காரர் முதல் சில பக்கங்களுக்கு எழுத்துகளை அடுக்கினார், பிரித்தார், மறுபடி அடுக்கினார். அப்புறம், இனி இந்த வாத்தியாரின் திருத்தத்தோடு என் கடைப் பக்கம் வராதே, தலைமையாசிரியை கையெழுத்தோடு வா என்று சொல்லிவிட்டார்.

போர் தொடங்கியதிலிருந்து பள்ளியில் மணி அடிப்பதில்லை. ஒருமுறை மணிச் சத்தத்தை அபாயச் சங்கு என்று நினைத்துத் தெருவே ஓடிப் பதுங்கியதால், பியூன் வகுப்பு வகுப்பாகப் போய்க் கைதட்டிவிட்டு வருகிறார். விளையாட்டு அறையில் பந்துகளுக்குப் பதில் காயத்துக்குக் கட்டும் துணி மூட்டைகள். கடைசி வகுப்பில் பாதி பெஞ்சு காலி. பதினெட்டு வயது ஆனவர்களைப் படைக்கு அழைத்துக்கொண்டே இருந்தார்கள். எடிட்டருக்கும் வயது ஆகிவிட்டது, அழைப்புதான் வரவில்லை. அரசாங்க வேலை என்றால் அப்படித்தான், தாமதமாகும் என்று நினைத்துக்கொண்டான். அழைப்பு வருவதற்குள் மலர் வந்துவிட வேண்டுமே என்பதுதான் அவனுடைய ஒரே கவலை.

நாடக மன்றத்துக்காரர்களை நினைத்தால் அவனுக்குப் பொறாமையாக இருக்கும். மூன்றே வாரம் ஒத்திகை பார்த்து, நாடகத்தைப் போட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டுதான் படைக்குப் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் இப்போது தலைமையாசிரியை அறைச் சுவரில் படமாகத் தொங்குகிறார்கள். ஒருவன் எடிட்டரின் சித்தப்பா மகன். மலரின் முதல் பக்கம் அவனுக்குத்தான். அதைச் சித்தி கையில் கொடுக்காமல் போகக்கூடாது என்று எடிட்டர் வைராக்கியமாக இருந்தான்.

மழைக் கவிதை திரும்பி வந்த அன்று அவனுக்குப் பொறுமை போய்விட்டது. தாள்களை அள்ளிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்கு நேரே போனான். அவர் புதிதாக மாற்றலாகி வந்தவர். அவன் மூச்சு விடாமல் சொன்ன புகாரையெல்லாம் கேட்டார். பக்கங்களைப் புரட்டினார். ஓட்டுநர் பேட்டியில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பியூனை அனுப்பி வாத்தியாரை வரவழைத்தார்.

அரைப்புள்ளி வந்து கதவோரமாக நின்றார்.

"நல்லாத்தானே சார் இருக்கு? எதுக்குப் பையனை இப்படி இழுத்தடிக்கிறீங்க?" என்றார் தலைமையாசிரியை.

இன்னும் கொஞ்சம் மெருகேற்ற வேண்டியிருக்கிறது என்றார் வாத்தியார். எவ்வளவு நாளாகும் என்று கேட்டதற்கு, போர் முடியும் வரைக்கும் ஆகலாம் என்றார். இதற்குச் சிரிக்க வேண்டுமா, கண்டிக்க வேண்டுமா என்று தலைமையாசிரியைக்குத் தெரியவில்லை.

எடிட்டருக்கு அழுகையே வந்துவிட்டது. "நாடகத்துக்கும் இவர்தான் பொறுப்பு டீச்சர். அப்ப ஒரு குறை சொல்லல. மூணே வாரத்துல முடிச்சுக் குடுத்தார். என் மேல மட்டும் இவருக்கு என்ன கோபம்?"

தலைமையாசிரியைக்கு அது போதுமானதாக இருந்தது. அச்சுக்கு அனுப்பலாம் என்று முதல் பக்கத்தின் மேலே எழுதினார். கையெழுத்துப் போடப் போனவரின் பேனாவுக்குக் கீழே வாத்தியார் ஓடி வந்து உள்ளங்கையை வைத்து மறைத்தார்.

"வேண்டாம் மேடம். நாடகம், மலர் மாதிரி பள்ளி மன்ற வேலையில இருக்கற பசங்களை, அந்த வேலை முடியற வரைக்கும் படைக்குக் கூப்பிடக் கூடாதுன்னு ஒரு உத்தரவு இருக்கு. இவன்கிட்ட சொன்னா, வீராப்புல ஒரே நாள்ல முடிச்சுக் கொண்டுவந்து நிப்பான். அதான் சொல்லல."

தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்தார். எடிட்டர் வாத்தியார் பக்கம் திரும்பினான்.

"அப்ப நாடகத்தை மட்டும் ஏன் சார் அவ்வளவு சீக்கிரம் முடிச்சீங்க?"

"அந்த உத்தரவு என் கைக்கு வந்ததே, அவங்களை ரயிலேத்தி விட்டுட்டு நான் திரும்பி வந்த அன்னைக்குத்தான்டா."