நாற்பத்தேழாவதற்காகவும்

ஒன்றிலிருந்து மறுபடியும் எண்ணினாள்.

கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் எண்ணும் கருவியை அழுத்திக்கொண்டே போனது.

நாற்பத்தைந்து. நாற்பத்தாறு.

அதோடு முடிந்திருக்க வேண்டும். இன்னும் ஒன்று இருந்தது.

இது பதினோராவது செல். முந்தைய பத்திலும் நாற்பத்தேழுதான். இருபது எண்ண வேண்டும் என்பது பரிசோதனைக்கூடத்தின் விதி. பதினைந்து வருடமாக ஊரார் பிள்ளைகளின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குக் கண்ணாடித் தகட்டில் இருப்பது அவள் வயிற்றுப் பிள்ளையினுடையது.

சொந்த மாதிரியைத் தொடக்கூடாது என்பது அங்கே வழக்கம். கெஞ்சிக் கேட்டுத்தான் வாங்கினாள். தானும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன் என்று சொல்லி, கூடத்தின் தலைவர் டாக்டர் ஹெப்சிபா விட்டுக்கொடுத்தார்.

ஆணா பெண்ணா என்று பார்க்கவில்லை. சட்டம் கூடாதென்கிறது. அவளுக்கும் எண்ணிக்கை போதும்.

நாற்பத்தேழாக இருந்தால் வேண்டாம் என்று கணவன் சொல்லியிருந்தான். எண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்று அவள் தள்ளிப்போட்டிருந்தாள்.

பதினொன்று எண்ணியாயிற்று.

பதினைந்து வருடத்தில் செய்யாத தப்பை நேற்று செய்தாள்.

பிரியப்போகும் செல்லை நடுவழியில் நிறுத்தினால்தான் குரோமோசோம்களை எண்ண முடியும். நிறுத்துவதற்கு ஒரு மருந்து. செங்காந்தள் விதையில் இருக்கும் அதே விஷம். நாற்பது நிமிடம் கணக்கு. மணி அடித்ததும் செல்களை எடுத்துவிட வேண்டும்.

மணி அடித்தது. அவள் எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் எண்ணத்தான் வேண்டும்.

குடுவையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி நேரம் ஓடிவிட்டது.

இன்று காலையில் பார்த்தால் குரோமோசோம்கள் சுருங்கிக் குட்டையாகிக் கிடந்தன. டாக்டர் ஹெப்சிபா குனிந்து பார்த்தார்.

"நீயா இவ்வளவு நேரம் விட்டே?"

கேட்டுவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பினார்.

எண்ணுவதற்கு மட்டும் குறைவில்லை. வழக்கத்தைவிட நிறைய செல்கள் இருந்தன. அந்த மூன்று மணி நேரமும் ஒவ்வொன்றாக வந்து வந்து நின்றிருக்கின்றன. நின்றவை எல்லாம் காத்திருந்திருக்கின்றன.

தெரிந்த பாடம்தான். செல் இரண்டாகும் முன், இரு பக்கத்திலிருந்தும் மெல்லிய இழைகள் வந்து ஒவ்வொரு குரோமோசோமையும் பிடிக்க வேண்டும். பிடிபடாமல் ஒன்று பாக்கி இருந்தாலும், அதன் இடுப்பில் உட்கார்ந்திருக்கும் புரதங்கள் பொறு, பொறு என்று தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒன்று போதும். மொத்தச் செல்லும் நின்றுவிடும்.

மருந்து அந்த இழைகளைக் கரைத்துவிடுகிறது. வராத இழைக்காகச் செல் காத்து நிற்கிறது.

படிக்கிற காலத்தில் பரீட்சைக்காக இதைப் படம் போட்டிருக்கிறாள். புரதங்களின் பெயர்களை மனப்பாடம் செய்திருக்கிறாள். அப்போது தோன்றாத ஒன்று இப்போது தோன்றியது.

அந்தப் புரதங்களுக்கு எண்ணத் தெரியாது.

நாற்பத்தாறு போதும், இது உபரி என்று அவை விட்டுவிடுவதில்லை. நாற்பத்தேழாவதன் இடுப்பிலும் போய் உட்காருகின்றன. அதற்கும் அதே பொறு. அது பிடிபடும்வரை மற்ற நாற்பத்தாறும் பிரிந்து போவதில்லை.

முதலில் எங்கோ ஒருமுறை தவறியிருக்கிறது. அவளுடைய கருமுட்டையிலேயே தவறியிருக்கலாம். அவளுக்கு நாற்பது வயது. ஆனால் அதற்குப் பிறகு, இந்தப் பதினோரு செல்களுக்கு வந்து சேரும்வரை, ஒரு தடவைகூடத் தவறவில்லை. பதினேழு வாரம். பிரிந்து, பிரிந்து, மறுபடி பிரிந்து. ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன ஒன்றுக்காகவும் நின்று, அதையும் கூட்டிக்கொண்டு போயிருக்கின்றன.



இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த இடத்தில் இப்படி ஒரு பிரமிப்பு வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

மீதி ஒன்பதையும் எண்ணினாள். அவசரப்படவில்லை. விதி விதிதான்.

நாற்பத்தேழு. நாற்பத்தேழு.

மணி ஒன்றரை. போன் அதிர்ந்தது. அம்மா. வீடு இரண்டு தெரு தள்ளித்தான். சனிக்கிழமை மதியச் சாப்பாடு எல்லோரும் சேர்ந்து. அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"எப்ப வாரே? இவன் சோத்துல கையே வைக்கல. 'இருங்க, அக்கா வரலைல்லா'ங்கான்."

இவன் என்பது தம்பி பூவநாதன். முப்பத்திரண்டு வயது. பயிற்சிக் காலத்தில் அவள் முதன்முதலாக எண்ணியது அவனுடைய குரோமோசோம்களைத்தான். அவனுக்கும் நாற்பத்தேழு.

பேச்சு குழறும். தனியாகப் பஸ் ஏறத் தெரியாது. நான்கு வயதில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். அவனை வளர்க்க அம்மா பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்.

வீட்டில் ஒருத்தர் குறைந்தாலும் அவன் சாப்பிட மாட்டான். யார் பசிக்கிறது என்றாலும் விட மாட்டான். எல்லோரையும் உட்காரவைத்துவிட்டுத்தான் கை வைப்பான். சின்ன வயதிலிருந்தே அப்படி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எண்ணும் கருவியை மேசையில் வைத்தாள். அந்தக் கை வயிற்றுக்குப் போனது.

"ரெண்டு பேரு வாரோம்னு சொல்லும்மா."

இன்று எண்ணும் நாள் என்று அம்மாவுக்குத் தெரியும்.

அந்தப் பக்கம், தம்பி இன்னொரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.