சந்தனம் வைத்த டிஸ்கெட்டுகள்

மாடியிலுள்ள டைப்பிங் வகுப்பின் கம்ப்யூட்டர், பத்தாவது டிஸ்கெட்டையும் கரகரவென்று அரைத்துப் பார்த்துவிட்டு, படிக்க முடியாது என்று கையை விரித்தது.

கீழே ஏழைகளுக்கு மனு எழுதிக் கொடுக்கும் அலுவலகம் நடத்துகிற கார்த்திகேசு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரிடம் பதினாறு வருஷமாக வேலை பார்க்கும் நல்லம்மாள் உட்காரவில்லை.

மணி பத்தேகால். பன்னிரண்டுக்குள் பட்டியல் பதிவு இலாகாவுக்குப் போயாக வேண்டும். காப்பார் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல், பிறந்த மண்ணிலேயே குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்புக் கார்டோடு அலைகிற இருநூற்றுப் பதின்மூன்று பேரின் பட்டியல். யார் பெற்றது, எந்த லயத்து வீடு, பிரசவம் பார்த்த மருத்துவச்சி யார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியவள் நல்லம்மாள்தான். இந்தத் தவணையை விட்டால் அடுத்தது எப்போது வருமென்று எவருக்கும் தெரியாது.

கீழே அலுவலக பெஞ்சில் மாரியாயி காத்திருந்தாள். சிவப்புக் கார்டைப் பார்த்துவிட்டு இரண்டு பாக்டரிகளில் திருப்பி அனுப்பப்பட்டவள். தன் பெயர் போய்ச் சேருவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று முதல் பஸ் ஏறி வந்திருந்தாள்.

எழுதிய காகிதம்? அதுதான் இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்த நாளிலிருந்து கார்த்திகேசுவுக்குக் காகிதமே ஆகாது. கறையான் தின்றது போக மிஞ்சிய கோப்புகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். ஏற்றி முடித்த வாரமே பழைய பேப்பர் லோரியை வரவழைத்தார். நல்லது செய்வதில் மனிதருக்கு அவ்வளவு அவசரம்.

பக்தியும் குறைவில்லை. சனிக்கிழமை ஆயுத பூஜை. அலுவலகக் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார், பொட்டு வைத்தார். அதோடு விட்டாரா? காற்றுப் போகும் இடுக்கில் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். அது அன்றைக்கே கண்ணை மூடிவிட்டது.

பிரதி எடுத்து வைத்திருந்த பத்து டிஸ்கெட்டுகளும் வாழையிலைக்கு வந்தன. ஒவ்வொன்றின் தகட்டையும் விரலால் விலக்கி, உள்ளே பளபளத்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வெளியே வைத்தால் சாமிக்குத் தெரியாது பாருங்கள்!

"எல்லாம் ஹாபிஸ் லா, முடிஞ்சுபோச்சு, நல்லம்மா. அந்த ஜனங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

கைப்பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறையில் இன்னொரு பத்து டிஸ்கெட்டுகள். தினமும் வேலை முடிந்ததும் இரண்டாவது பிரதி எடுத்து, பண்டமாரானில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் கொண்டுவருவாள். கைப்பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு திரிகிறாயே என்று அவளைக் கேலி செய்தவரும் கார்த்திகேசுதான்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் முதல் டிஸ்கெட்டைச் செருகினாள். பெயர்கள் வரிவரியாக வந்தன. பிரிண்டர் கத்த ஆரம்பித்தது.

கார்த்திகேசு கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சந்தேகம் வந்துவிட்டது.

"எல்லாத்தையும் பூஜைக்கு வைக்கச் சொன்னேனே. இத மட்டும் ஏன் வைக்கல?"

"அன்னிக்கு நான் சாமிகிட்ட வரக்கூடாத நாள், பாஸ். அதான் என் பைய வெளியிலேயே வச்சிட்டேன்."

கல்யாணம் ஆகாத மனிதர். காது வரை சிவந்து, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினொன்று பத்துக்குக் கடைசித் தாள் வந்தது. நல்லம்மாள் ஓரங்களைக் கிழித்து அடுக்கிக் கட்டினாள். மாரியாயியைக் கூப்பிட்டுக்கொண்டே படியிறங்கினாள்.

இறங்கும்போது சாமியிடம் மட்டும் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டாள். போன வருஷம் டைப்ரைட்டருக்குள் இறங்கிய சந்தனத்தைச் சுரண்டி எடுக்க அவளுக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது.

நல்லம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அப்படியொரு நாள் அவளுக்கு வந்து எட்டு வருஷமாகிறது.