படகுத்துறைச் சிரிப்பு

"இன்னும் எத்தனை படிங்க?" மூச்சு வாங்கக் கேட்டாள் மனைவி.

"நாற்பத்தொண்ணு" என்றார் அவர், தலை நிமிராமலே.

கலங்கரை விளக்கத்தில் ஏறி ஏறி முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. லீவு போட்ட இரண்டு நாளும் வீட்டில் கட்டையைச் சாய்க்கலாம் என்றுதான் இருந்தார். அவளோ டூர் டிக்கெட் இரண்டை நீட்டி, பழைய மீன்பிடித் துறைமுகத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள்.

கைடு பெண் வாய் ஓயாமல் பேசினாள். ஒவ்வொன்றும் கட்டிய வருஷத்தைச் சொல்லும்போதும் அவரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். அவர் கொட்டாவி விட்டார்.

படகுத்துறையில் கைடு பெண் கல்சுவரைத் தட்டினாள். "இந்தச் சுவர் அலையைத் தடுக்கும், புயலைத் தடுக்கும். லேட்டா வர்ற புருஷனுக்காகக் கரையில காத்திருக்கிற பொண்டாட்டி வாயை மட்டும் தடுக்காது!"

மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர் முகம் சுருங்கியது.

டூர் முடிந்ததும் கைடு பெண் அவரிடம் ஓடிவந்தாள். "சார், நீங்க லீவு போட்டதால என்னை அனுப்பிட்டாங்க. நீங்க எழுதிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிச்சேன். தப்பிருந்தா மன்னிச்சுக்கங்க."

வீட்டுக்கு நாலே தெரு. பாதி வழியில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பத்தொன்பது வருஷமா நான் தினம் சொல்ற ஜோக்கு அது. அதுக்கா அப்படிச் சிரிச்சே?"

"எனக்கு இன்னிக்குத்தானே தெரியும்?" என்றாள் மனைவி. "வீட்டுக்கு வந்தா, பேசிப் பேசித் தொண்டை வலிக்குதுன்னு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துடுவீங்க."